கேட்டுக் கொடுப்பவர்

"சீனி எம்புட்டு, மாப்ள?"

ஒன்பது வருடம், தினமும் காலை பத்தே முக்காலுக்கு இந்தக் கேள்வி என் காதருகே வந்து நிற்கும். என் பதிலும் ஒன்பது வருடம் மாறவில்லை. அரைக் கரண்டி. தெரிந்துகொண்டே எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். கையிலிருந்த டீத் தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு, நான் ஏதோ பெரிய சந்தேகத்தைக் கிளப்பிவிட்டதுபோல யோசித்தார்.

"நேத்து ஒத்துக்கிட்டது இன்னைக்கும் ஒத்துக்கும்னு என்ன நிச்சயம் மாப்ள? ஒடம்பு என்ன, எழுதி வச்ச காகிதமா? கேட்டுக் குடுத்துட்டா ஒரு நிம்மதி."

அவருக்குப் பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் அதை அழகாக எழுதிக் கையெழுத்தும் போடுவார். ஆனால் தாளாளர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் அவர் பாய். பிறகு கணக்குப் பிரிவுக்கு இன்னொரு பாய் வந்து சேர்ந்தபோது, புதியவரைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. இவர் பாயாகவே இருந்தார். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

அவனியாபுரம் தாண்டி, விமானம் இறங்கும்போது வகுப்பில் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டிய தூரத்தில் இருந்தது எங்கள் கல்லூரி. சுற்றிலும் கருவேலங்காடு, நடுவே மூன்று மாடி. நான் அங்கே தமிழ்ப் பாடம் நடத்தினேன். தமிழ்த் துறைக்கு இருந்தது ஒரே மின்விசிறி. அதுவும் சுற்றலாமா வேண்டாமா என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் லேபில் ஏசி இருந்தது. ஆகவே இலக்கணமும் நானும் லேபுக்குக் குடிபெயர்ந்தோம். பாய் அந்த லேபின் பொறுப்பாளர். மூலையில் எனக்கொரு நாற்காலி போட்டுக் கொடுத்து, முதல் நாளே கேட்டார்: "குளுரு ஒத்துக்குமா ஒங்களுக்கு? இல்லாட்டி அந்தப் பக்கம் நகத்திப் போடட்டா?"

அந்த 'ஒங்களுக்கு' ஒரு வாரத்தில் 'ஒனக்கு' ஆனது. நான் மாப்ள ஆனேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கலாம்.

எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்பார். ஷேர் ஆட்டோவில் ஏறினால், பாட்டுச் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குப் பரவாயில்லையா என்று கேட்பார், இல்லையென்றால் டிரைவரிடம் முறையிடலாம் என்று. அந்தப் பக்கத்து ஆள் பெரும்பாலும், "எனக்கென்னங்க, பாடட்டும்" என்பார். பாய் முகத்தில் ஒரு திருப்தி வரும், சத்தம் குறைந்துவிட்டதுபோல. வகுப்பு தொடங்கும்முன் மாணவர்களிடம் வரிசையாகப் போய், நாற்காலி உயரம் சரியா, திரை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா என்று விசாரிப்பார். அதற்குள் பாதிப் பாடவேளை ஓடிவிடும். பிள்ளைகள் அவருக்கு 'கேள்வி பாய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதுவும் அவருக்குத் தெரியும். "நல்ல பேருதான்," என்பார். "பதில் பாய்னு வச்சிருந்தா மாட்டிக்கிட்டு முழிச்சிருப்பேன்."

ஒருமுறை பிள்ளைகளை அழகர்கோவிலுக்குப் பேருந்தில் கூட்டிப்போனோம். பிள்ளைகள் கோவிலுக்குள் போய்வரும்வரை செருப்புகளுக்கும் பைகளுக்கும் பாய்தான் காவல். குரங்குகளிடம் மட்டும் எதையும் கேட்காமல் குச்சியை ஓங்கினார். பிறகு மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிற வேலையும் அவரிடமே வந்தது. நாற்பது பேர். மற்றவராக இருந்தால் ஐந்து நிமிடம். பாய் ஒவ்வொரு கையிலும் பொட்டலத்தை வைக்கும்முன் நின்றார். "எலுமிச்சஞ் சோறு. கடலை போட்டிருக்கு. ஒத்துக்குமாத்தா?" எங்கள் துறைத்தலைவர் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். "பாய், இது சோறுய்யா, ஊசி இல்ல. குடுத்துட்டு வாங்க!" முப்பத்தொன்றாவதோ இரண்டாவதோ, ஒரு பிள்ளை தயங்கியது. கடலை தின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்றது. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழிகளுக்கே அது தெரியாது. அந்தப் பிள்ளையும் கடலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொள்ளலாம், எதற்கு வம்பு என்றுதான் இருந்திருக்கிறது. பாய் அந்தப் பொட்டலத்தைத் தனியே வைத்தார். மலையடிவாரக் கடையில் இட்லி வாங்கி வந்து கொடுத்துவிட்டு, முப்பத்து மூன்றாவது ஆளிடம் போனார்.

இப்படிப்பட்டவருடைய லேபில்தான் அந்தச் சனிக்கிழமை நடந்தது.

எங்கள் லேப் கொஞ்சம் விசித்திரமானது. அங்கிருந்த நாற்பது மிசின்களுக்கும் சொந்த நினைவு கிடையாது. உள்ளே டிஸ்க் இல்லை, பாய் கழற்றிவிட்டார். காலையில் பொத்தானை அழுத்தினால் அவை கேபிள் வழியாகக் குரல் கொடுக்கும். அடுத்த அறையில் குளிர்ந்துகொண்டிருக்கும் சர்வர் அந்தக் குரலைக் கேட்டு, முதலில் ஒரு முகவரி தரும், பிறகு எழுந்து நிற்பதற்கான கோப்பைத் தரும். அதை வாங்கிக்கொண்டுதான் ஒவ்வொன்றும் கண் விழிக்கும். வைரஸ் இல்லை, பிள்ளைகள் எதையும் கெடுக்க முடியாது, மாலையில் அணைத்தால் எல்லாம் மறந்து போகும். நாற்பதும் ஒன்றாகக் கண் விழிக்கிற அந்த முதல் இரண்டு நிமிடம் எனக்குப் பிடிக்கும். கறுப்புத் திரைகளில் வெள்ளை எழுத்து வரிவரியாக இறங்கும். வயலுக்குத் தண்ணீர் பாய்வதுபோல இருக்கும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை நான், எனக்கு அப்படித்தான் தோன்றும்.

அந்த வருடம் தாளாளர் இருபது புது மிசின்கள் வாங்கினார். ஒரு பெரிய வேலைவாய்ப்புத் தேர்வு, கணினியில் எழுதுவது, எங்கள் லேபில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நடக்க இருந்தது. அறுபது பேர் எழுத வருகிறார்கள், அறுபது மிசின் ஓட வேண்டும். ஏற்கெனவே ஒரு வெளி நிறுவனம், லேபை எங்களிடம் ஒப்படையுங்கள், நாங்களே ஆள் போட்டு நடத்துகிறோம் என்று தாளாளரைச் சுற்றிக்கொண்டிருந்தது. தாளாளர் பாயிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை ஒழுங்கா ஓடுச்சுன்னா லேப் உங்ககிட்ட. ஓடலைன்னா அவுங்ககிட்ட. எனக்கு மனசுல ஒன்னுமில்ல பாய்."

சனிக்கிழமை காலை சோதனை ஓட்டம். தாளாளர் வந்தார். கூடவே, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, அந்த நிறுவனத்து ஆளும் வந்தார். பாய் பொத்தான்களை அழுத்திக்கொண்டே போனார். பழைய நாற்பதும் வழக்கம்போல விழித்தன. புதியவை இருபதும் சிறிது நேரம் யோசித்தன. பிறகு ஒவ்வொன்றாக, ஒரே வரியில் வந்து நின்றன: அன்சப்போர்ட்டட் இமேஜ்.

"என்ன பாய், இருபதும் சேந்து கோரஸ் பாடுது?" என்றார் தாளாளர்.

"சார், மிசின்ல கோளாறு சார்," என்றார் அட்டைக்காரர். "இல்லாட்டி கேபிளு. இந்தப் பழைய முறையெல்லாம் இப்ப யாரு சார் வச்சிருக்கா? நாங்களா இருந்தா ஒவ்வொன்னுலயும் டிஸ்க்கப் போட்டு முடிச்சிருப்போம்."

"ஒரு நிமிசம் சார். அது என்னமோ சொல்லுது."

"அதான் சொல்லிருச்சே, முடியாதுன்னு!"

"முடியாதுங்கல சார்," என்றார் பாய். "நீ குடுத்த கோப்பு எனக்கு ஒத்துக்காதுங்குது. ரெண்டும் வேறல்ல?"

தாளாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் வருவேன் என்பது அவர் முதுகில் எழுதியிருந்தது. அட்டைக்காரர் போகவில்லை. ஏசிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், கிரிக்கெட் பார்க்க வந்தவர்போல.

பாய் என்னை ஒரு புது மிசின் முன்னால் உட்கார வைத்தார். "மாப்ள, என் கண்ணாடி எங்கயோ. நீ படி. ஒரு வரி விடாம படி." நான் ஒரு புது மிசினை மறுபடி எழுப்பி, வரும் வரிகளைச் சத்தமாகப் படித்தேன். முகவரி கிடைத்தது. சர்வரைக் கண்டுபிடித்தது. கோப்பு முழுசாக இறங்கியது. அதற்கும் அடுத்த வரியில்தான் அந்த மறுப்பு.

"முழுசா எறங்குச்சா?"

"இறங்குச்சுன்னு போட்டிருக்கு பாய்."

"அப்ப கேபிள்ல ஒன்னுமில்ல. வழியெல்லாம் சரி. வீடு வரைக்கும் போயிருச்சு. கையில வாங்கிப் பாத்துட்டுத்தான் வேணாங்குது." திரையை உள்ளங்கையால் லேசாகத் தொட்டார். "ஒத்துக்கலைன்னு வாயத் தெறந்து சொல்ற மிசின் நல்ல மிசின் மாப்ள. ஒன்னுஞ் சொல்லாம, கறுத்துப்போயி ஒக்காந்திருக்கும் பாரு. அதுதான் பயம்."

பிறகு சர்வர் முன் உட்கார்ந்தார். கேபிளில் போகிற வருகிற எல்லாவற்றையும் காட்டுகிற ஒரு திரையைத் திறந்தார். ஒரு பழைய மிசினை எழுப்பச் சொன்னார், எழுப்பினேன். ஒரு புதியதை எழுப்பச் சொன்னார், எழுப்பினேன். இப்படி ஐந்தாறு முறை. கண்ணாடி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு திரையோடு ஒட்டிக்கொண்டார். அட்டைக்காரர் தன் கைபேசியில் சிரிப்பு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இங்க வா." குரல் இறங்கியிருந்தது. "ஒவ்வொரு மிசினும் முகவரி கேக்கும்போதே ஒரு நம்பரும் சேத்து அனுப்புது. நான் இன்ன ஜாதி மிசின்னு. பழசு பூச்சியம்னு சொல்லுது. புதுசு ஏழுன்னு சொல்லுது. ஒவ்வொரு வாட்டியும் சொல்லுது. யாரும் கேக்காமலே, தான் யாருன்னு சொல்லிட்டுத்தான் கேக்குது."

"சரி?"

"சர்வர் அதைக் காதுலயே வாங்கல. வந்தவனுக்கெல்லாம் ஒரே கோப்பைத் தூக்கிக் குடுக்குது. பழசுக்கு ஆவுறது புதுசுக்கு எப்புடி ஆவும்?"

"அப்ப சர்வர்ல தப்பு."

பாய் சர்வரின் உள்ளே ஒரு வரியைத் திறந்து காட்டினார். யார் கேட்டாலும் இந்தக் கோப்பைக் கொடு என்கிற பொருளில் ஒரே வரி.

"இது நான் எழுதுனது. அப்ப எல்லாமே ஒரே மாதிரி மிசினுதானேன்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "கேக்காமக் குடுத்திருக்கேன் மாப்ள. நானு."

லேப் கைவிட்டுப் போய்விடும் என்று தாளாளர் சொன்னபோது அவர் முகம் இப்படி ஆகவில்லை.

அந்த ஒரு வரியை அழித்துவிட்டு இரண்டு எழுதினார். பூச்சியம் என்பவனுக்கு இது, ஏழு என்பவனுக்கு அது. புதியவற்றுக்கான கோப்பைத் தேடி எடுத்து வைத்தார். மறுபடி இருபதையும் எழுப்பினோம். பதினேழு விழித்தன. மூன்று மட்டும் பழைய பல்லவியிலேயே நின்றன.

அட்டைக்காரர் கைபேசியை வைத்தார். "பதினேழு பாஸ், மூணு பெயில். அண்ணே, நாளைக்கு மூணு பேரை மட்டும் வீட்டுக்கு அனுப்பிரலாமா?"

"அந்த மூணுகிட்டயும் இன்னும் நான் கேக்கலையேப்பா," என்றார் பாய்.

கேட்டார். அவை ஏழு என்று சொல்லவில்லை, ஆறு என்றன. ஒரே அட்டைப்பெட்டி, ஒரே நிறம், ஒரே நிறுவனம். ஆனால் அந்த மூன்றும் அலுவலகத்துக்கென்று வாங்கி எண்ணிக்கைக்காக இங்கே அனுப்பிய சின்ன வகை. அவற்றுக்கு வேறொரு சின்னக் கோப்பு வேண்டும். மூன்றாவது வரி எழுதினார். தூரத்தில் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும்போது அறுபது திரைகளும் நீலமாக எரிந்துகொண்டிருந்தன. தாளாளர் வந்து வாசலிலேயே நின்று பார்த்தார். பாயின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். அட்டைக்காரர் நாற்காலியை இருந்த இடத்தில் போட்டுவிட்டுப் போனார், அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

மதியத் தேநீர் எப்போதும் என் முறை. காலையில் பாய் எங்களுக்கெல்லாம் தூக்குவாளியில் கொண்டுவருவார், தான் கடையிலேயே குடித்துவிட்டதாகச் சொல்வார். மதியம் நான் போய் இரண்டு கிளாஸ் வாங்கி வருவேன். கெட்டிப் பால், அரைக் கரண்டி சீனி, இரண்டும் ஒரே மாதிரி. அன்று தாமதமாகத்தான் போனேன், ஓடிப்போய் வாங்கி வந்து அவர் கையில் திணித்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்ஷா அல்லா, நாளைக்கு ஓடும்" என்றார்.

ஓடியது. அறுபது பேர் எழுதினார்கள். ஒரு திரைகூடக் கண் சிமிட்டவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அந்த நிறுவனத்தின் தாள்கள். மேலே இருப்பவர்கள் முடிவு செய்துவிட்டார்கள், தன் கையில் இல்லை என்றார். கொடுத்த வாக்கு நினைவிருந்ததால், தாள்களைப் பார்த்தே பேசினார். "பாயை வெளிய அனுப்ப மாட்டேன். ஹாஸ்டல் ஸ்டோர் காலியா இருக்கு. அரிசி, பருப்பு வரவு பாத்துக்கிட்டா போதும். நீங்க அவரோட பழகுறவரு. சம்மதிப்பாரா?"

நான் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "அவர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்குவார் சார்," என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். வேலை போகாமல் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். தாளாளர் முகம் தெளிந்தது. "நீங்களே சொன்ன பெறகு என்ன."

மறுநாள் பத்தே முக்காலுக்குத் தூக்குவாளி வந்தது.

"ஒன்ட்ட கேட்டாகளாம்ல?"

"ஆமா பாய்."

தலையை ஆட்டினார். கிளாஸை எடுத்தார். "சீனி எம்புட்டு, மாப்ள?"

"அரை."

டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அந்த வாரமே சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர் வளாகத்தின் மறுகோடியில் இருந்தது. காலைத் தூக்குவாளி நின்றுபோனது. மதியம் சில நாள் நான் கிளாஸோடு அங்கே போனேன். சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். வருடக் கடைசியில் அவர் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கும் தேனிப் பக்கம் வேறு கல்லூரி கிடைத்தது. போனேன். போவதுதான் என் குணம், ஓரிடத்தில் வேர்விடாத புத்தி. அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பேருந்தில் ஏறும்போதெல்லாம் நினைத்து, இறங்கும்போதெல்லாம் மறந்தேன்.

போன மாதம் ஆரப்பாளையத்தில் இறங்கியபோது மறக்கவில்லை. தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் பச்சைக் கதவு. தாடி முழுக்க வெளுத்திருந்தது. கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நேற்றுப் பிரிந்தவர்போல உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்மா, மாப்ள வந்திருக்கு!" பிறகு என்னிடம், "சீனி எம்புட்டு?"

"வேணாம் பாய். போன வருசத்துலருந்து நிறுத்தியாச்சு. சுகர்."

தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தியா! அரைக் கரண்டின்னு நெனச்சுக் குடுத்திருந்தா?"

அவர் மனைவி இரண்டு டம்ளரில் கடுங்காப்பி கொண்டுவந்தார். "பால் இல்லண்ணே, தப்பா நெனைக்காதீக. இந்த வீட்டுல பால் வாங்குறதே இல்ல. இவுகளுக்கு ஒத்துக்காது. ஒரு வாய் உள்ள போனாலும் வயிறு ராத்திரியெல்லாம் படுத்தி எடுத்துரும். கல்யாணம் ஆன நாளா அப்படித்தான்."

நான் பாயைப் பார்த்தேன். அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலேஜ்ல தினமும் குடிச்சீங்களே."

"ஓடிப்போயி வாங்கியாருவ," என்றார். "கையில வச்சுட்ட. பெறகு எப்புடி?"

ஒன்பது வருடம். கெட்டிப் பால். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கடைவாசலில் நின்றுகொண்டு அவருக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்தேனா? காலையில் ஏன் அவர் எங்களோடு குடிப்பதில்லை என்றாவது? தொண்டைக்குள் கடுங்காப்பி கசந்து இறங்கியது. அது இறங்கி முடியும்வரை இருந்து, பத்து வருடம் முன்பு தாளாளர் அறையிலிருந்து லேபுக்கு நாற்பது அடி நடந்துபோய்க் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"பாய், அந்த ஸ்டோர் வேலை ஒங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

சந்தில் ஒரு ஸ்கூட்டர் போனது. அவர் மனைவி வெறும் தட்டோடு கதவருகே நின்றுவிட்டார். பாய் யோசித்தார். அவசரம் எதுவும் இல்லாமல், வரிவரியாக உள்ளே ஏதோ இறங்கிக்கொண்டிருப்பதுபோல.

"பிடிக்கல மாப்ள," என்றார். "ஒரு நாக்கூடப் பிடிக்கல."

கோபம் இல்லை அந்தக் குரலில். நான் டம்ளரைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன். இன்னும் ஏதோ இருந்தது.

"அங்க பூராவும் அரிசி மூட்டை," என்றார். "அதுககிட்டப் போயி நான் என்னத்தக் கேக்குறது, சொல்லு?"